மோட்டார் வண்டியின் ஊதுகுழல்

ஈர விறகை அடுப்பில் வைத்தால் முதலில் தீயைவிடப் புகையே மிகுதியாக எழும். ஊதுகுழலை எடுத்துச் சற்று ஊதினால் அப்புகையே பற்றிக்கொண்டு சுடராக மாறுவதை நம் இல்லங்களில் பலரும் கண்டிருப்போம். இதில் மந்திரம் ஏதுமில்லை. புகையின் பெரும்பகுதி முழுவதும் எரியாத எரிபொருளே. அது எரிவதற்கு வெப்பமும் வேண்டும், காற்றும் வேண்டும். அடுப்பில் வெப்பம் இருந்தது, காற்று போதவில்லை. ஊதுகுழல் அக்குறையைத் தீர்த்து வைத்தது.

மோட்டார் கார்களிலும் இதே வேலையைச் செய்யும் ஓர் அமைப்பு உண்டு. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான கழிவுப்புகையில் புதிய காற்றைச் செலுத்தி, எரியாமல் தப்பிவந்த நச்சுப் பொருள்களை வழியிலேயே எரித்துவிடுவது அதன் பணி. ஆங்கிலத்தில் செகண்டரி ஏர் இன்ஜெக்‌ஷன் எனப்படும் இதனை நாம் துணைக்காற்று அமைப்பு எனலாம். இது யாது, எவ்வாறு பழுதுபடுகிறது, பழுதின் மூலத்தை எவ்வாறு கண்டறிந்து நீக்குவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். மெக்கானிக்குகளுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணி யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் வகுப்பறையில் படிக்கும் வேதியியலும் இயற்பியலும் ஒரு காரின் முன்மூடிக்குள் எப்படி உயிருடன் இயங்குகின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

குளிர்ந்த எஞ்சினின் குறை

1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. சூடேறிய எஞ்சினில் இவ்விகிதத்தைக் காப்பது எளிது. ஆனால் இரவெல்லாம் நின்று குளிர்ந்துபோன எஞ்சினைக் காலையில் முடுக்கும்போது நிலைமை வேறு. குளிர்ந்த சுவர்களில் பெட்ரோல் படிந்து நிற்கிறது, நன்றாக ஆவியாவதில்லை. ஆவியானது மட்டுமே எரியும் என்பதால், எஞ்சின் அணையாமல் ஓடுவதற்குத் தேவைக்கு மேல் பெட்ரோலைச் செலுத்த வேண்டியிருக்கிறது. பழைய கார்களில் ஓட்டுநர் சோக்கை இழுத்து இதைச் செய்தார். இன்றைய கார்களில் கணிப்பொறியே செய்துவிடுகிறது.

இதன் விளைவாகக் கழிவுப்புகையில் இரண்டு பொருள்கள் பெருகுகின்றன. ஒன்று, எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன்கள். மற்றொன்று, அரைகுறையாக எரிந்ததன் விளைவான கார்பன் மோனாக்சைடு. பின்னது நிறமும் மணமும் அற்றது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்வது. ஆதலின் அது கொடிய நஞ்சு.

இவற்றை மாற்றத்தான் சைலன்சருக்கு முன்னால் வினையூக்கிக் கலம் பொருத்தப்பட்டுள்ளதே என்று கேட்கலாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்ட அக்கலம் உண்மையிலேயே திறமையானதுதான். ஆனால் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே அது வேலையைத் தொடங்கும். அதுவரை அது வெறும் துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியே. நச்சுப்புகை மிகுதியாக வரும் நேரத்தில் காவலன் உறங்கிக்கொண்டிருக்கிறான் என்பதே சிக்கல். இக்காலக் கார் ஒன்று ஒரு சோதனை ஓட்டத்தில் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களில் பெரும்பகுதி முதல் ஓரிரு நிமிடங்களிலேயே வெளிவந்துவிடுகிறது.

துணைக்காற்று அமைப்பு பயன்படுவது இங்கேதான். எஞ்சினின் புகைவால்வை ஒட்டிய இடத்தில், புகை மிகச் சூடாக இருக்கும்போதே காற்று செலுத்தப்படுகிறது. 28 கிராம் கார்பன் மோனாக்சைடு 16 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்து 44 கிராம் கரியமில வாயுவாகும்போது சுமார் 283 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. எனவே நஞ்சு எரிந்து குறைவதோடு, அந்த வெப்பமே வினையூக்கிக் கலத்தை விரைந்து சூடாக்கியும் விடுகிறது. ஒரு கல்லில் இரு மாங்காய்!

தோன்றிய வரலாறு

இவ்வமைப்பு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் தேவையால் பிறந்தது. 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதம் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளை. எதிரிகள் நச்சுவாயு வீசிவிட்டார்களோ என்றுகூட மக்கள் ஐயுற்றனர். ஹாலந்தில் பிறந்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலறிஞர் 1950-களின் தொடக்கத்தில் இம்மூட்டத்தின் புதிரை விடுவித்தார். அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்தப் பொருள்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். காரிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் நிறுவினார்.

அதன் பின்னர் சட்டங்கள் பிறந்தன. கலிபோர்னியாவில் விற்கப்பட்ட 1966-ஆம் ஆண்டு மாடல் கார்கள் பலவற்றில், எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் காற்றுப் பம்பு முதன்முதலாக இடம்பெற்றது. 1968 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் புகைக் கட்டுப்பாடு வந்தது. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் அதனை மேலும் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் வினையூக்கிக் கலம் பரவலாக வந்தபோதும் பம்பு மறையவில்லை. கலத்துக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுக்கும் துணைவனாயிற்று. பின்னர் பெல்ட் போய் மின்மோட்டார் வந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டு, குறை கண்டால் ஓட்டுநரின் முன் மஞ்சள் விளக்கை ஏற்ற வேண்டும் என்ற விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்று இவ்வமைப்பு அமெரிக்க, ஜெர்மானிய, ஜப்பானியக் கார்கள் பலவற்றில் காணப்படுகிறது.

உறுப்புகளும் இயக்கமும்

இவ்வமைப்பின் உறுப்புகள் சிலவே. முதலாவது, மின்மோட்டாரால் சுழலும் காற்றுப் பம்பு. இரண்டாவது, அதற்கு மின்சாரம் வழங்கும் ஃபியூசும் ரிலேயும். மூன்றாவது, பம்பிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் பருத்த குழாய். நான்காவது, அக்குழாயின் முடிவில் நிற்கும் ஒருவழி வால்வு. இந்த வால்வு காற்றை எஞ்சின் பக்கம் போகவிடும். சூடான புகையைப் பம்பின் பக்கம் வரவிடாது. பல கார்களில் இவ்வால்வைத் திறக்க எஞ்சினின் உறிஞ்சுவிசையே பயன்படுகிறது. அவ்விசையை மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று கொண்டுவர, சாலினாய்டு என்னும் மின்காந்த வால்வு அதனைத் திறந்து மூடுகிறது. வேறு சில கார்களில் ஒருவழி வால்வே நேரடியாக மின்சாரத்தால் இயங்குகிறது.

குளிர்ந்த எஞ்சின் முடுக்கப்பட்டவுடன் கணிப்பொறி ரிலேயை இயக்கும். பம்பு, தூசு உறிஞ்சும் கருவியைப்போல் இரைந்து சுழலும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் நின்றுவிடும். அன்றைய வேலை அத்துடன் முடிந்தது.

நாள் முழுவதும் ஊதினால் இன்னும் நல்லதன்றோ என்று தோன்றலாம். அன்று. சூடேறிய வினையூக்கிக் கலம் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கவும் வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் அவ்வினை நடவாது. மேலும், புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து கணிப்பொறிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார், செலுத்தப்பட்ட காற்றைக் கண்டு, எரிபொருள் போதவில்லை என்று தவறாகக் கூறிவிடும். ஆதலால் வேண்டிய நேரத்தில் திறப்பதைப் போலவே, வேண்டாத நேரத்தில் இறுக மூடுவதும் இவ்வமைப்பின் கடமையாகும்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

ஆக்சிஜன் சென்சார் தவறாகக் கூறும் அந்த இயல்பையே கணிப்பொறி சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. பம்பை ஓடவிட்டுச் சென்சாரைக் கவனிக்கும். பழைய வகைச் சென்சார், பெட்ரோல் மிகுந்த நிலையில் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்த நிலையில் ஏறத்தாழ 0.1 வோல்ட்டும் தரும். பம்பு ஓடும்போது அளவு கீழே இறங்கினால் காற்று வந்து சேர்கிறது என்று பொருள். இறங்காவிட்டால் குறை என்று குறித்துக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் இவ்வாறு நேர்ந்தால் பொதுவாக மஞ்சள் விளக்கு எரியும்.

ஸ்கேனர் கருவியைப் பொருத்தினால் பி-0410 அல்லது பி-0411 போன்ற குறியீடு தெரியும். முன்னது அமைப்பில் பொதுவான கோளாறு என்பதையும், பின்னது காற்றோட்டம் சரியில்லை என்பதையும் குறிக்கும். பி-0418 ரிலேயின் மின்சுற்றைச் சுட்டும். பி-0491, பி-0492 என்பவை எஞ்சினின் ஒரு பக்கத்துக்கோ மறுபக்கத்துக்கோ போதிய காற்று போகவில்லை என்பவை.

இங்கு ஒன்றை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். காற்று வரவில்லை என்று குறியீடு சொல்கிறதேயன்றி, ஏன் வரவில்லை என்று சொல்வதில்லை. அது நோயின் அறிகுறி; நோயன்று. நோய் எதுவென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவனுக்கு வகுக்கும் முறை. மெக்கானிக்குக்கும் அதுவே முறை. குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் விலையுயர்ந்த பம்பை மாற்றுவது, இருமல் என்றவுடன் கைக்குக் கிடைத்த மருந்தைக் கொடுப்பது போன்றதாகும்.

நான்கு கேள்விகள்

சோதனையை, இரவு முழுவதும் நின்று குளிர்ந்த காரில் தொடங்க வேண்டும். எஞ்சின் சூடாக இருந்தால் பம்பு ஓடாது; அது பழுதன்று, அதன் இயல்பு. எந்த வெப்பநிலையில் ஓடும், எவ்வளவு நேரம் ஓடும் என்பது காருக்குக் கார் மாறும். அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் அது இருக்கும். காரை மூடிய கொட்டகைக்குள் முடுக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

முதற்கேள்வி: மின்சாரம் வருகிறதா? எஞ்சினை முடுக்கியவுடன் பம்பின் இரைச்சல் கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூசைப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் நன்றாக இருந்தால் ரிலேயையும், அதன்பின் பம்பின் இணைப்பையும் பார்க்க வேண்டும். மின்சாரம் உள்ளே வரும் முனை மட்டுமன்றி, திரும்பிச் செல்லும் எர்த் இணைப்பும் முக்கியம்.

இங்கே ஓம் விதி ஒரு பாடம் கற்பிக்கிறது. பம்பு சுமார் 30 ஆம்பியர் மின்சாரம் எடுப்பதாகக் கொள்வோம். இணைப்பில் பாசி பிடித்து 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது. பம்பு ஓடாத நிலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் முழுமையாகக் காட்டும். ஏனெனில் மீட்டர் எடுக்கும் மின்சாரம் மிக மிகச் சிறியது. பம்பு ஓடும்போதோ 30-ஐ 0.1-ஆல் பெருக்க, 3 வோல்ட் அந்த இணைப்பிலேயே வீணாகிறது. அங்கே 90 வாட் வெப்பமும் எழுகிறது. இணைப்பின் பிளாஸ்டிக் உருகியிருப்பதன் காரணம் இதுவே. ஆகவே பம்பு ஓடும்போதே பேட்டரியின் நேர்முனைக்கும் பம்பின் நேர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை வழியில்தான் இருக்கிறது. எர்த் பக்கமும் இவ்வாறே அளந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: காற்று புறப்படுகிறதா? பம்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தக்க ஃபியூஸ் பொருத்திய தடித்த கம்பிகளால் பேட்டரியிலிருந்து நேரே சில விநாடிகள் மின்சாரம் கொடுக்கலாம். சுழன்றால் பம்பு நல்லது, குறை மின்சுற்றில். சுழலாவிட்டாலும், கடகடவென்ற ஓசையோடு சுழன்றாலும், குறை பம்பில். பம்பு சுழல்கிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் அதன் உள்வாயில் உள்ள வடிகட்டியையும், குழாயில் வெடிப்பு உண்டா என்பதையும் காண வேண்டும். குழாயை வால்வுப் பக்கத்தில் கழற்றிக் கையை வைத்துப் பார்த்தாலே காற்றின் வேகம் தெரிந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: கதவு திறக்கிறதா, மூடுகிறதா? ஒருவழி வால்வே இந்த அமைப்பின் கதவு. உறிஞ்சுவிசையால் இயங்கும் வால்வாயின், கையால் இயக்கும் சிறு வெற்றிடப் பம்பை அதில் பொருத்தி இழுக்க வேண்டும். வால்வு திறந்து, மீட்டரின் முள் கீழே இறங்காமல் நின்றால் நல்லது. இறங்கினால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. வால்வு நன்றாயிருந்தும் காரில் திறக்கவில்லை என்றால் மெல்லிய ரப்பர்க் குழாய்களைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் வெப்பத்தில் அவை காய்ந்து வெடித்துவிடுவது மிகச் சாதாரணம். சில அங்குலம் ரப்பர்க் குழாய் மாற்றினால் தீரும் குறைக்காகப் பம்பு மாற்றப்பட்ட கார்கள் உண்டு.

திறப்பதைச் சோதித்தாயிற்று, மூடுவதை எப்படிச் சோதிப்பது? பம்பிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து கழற்றிவிட்டு, வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்தில் எஞ்சினை ஓடவிட வேண்டும். வால்வின் வாயிலிருந்து புகையோ சூடான காற்றோ வரக்கூடாது. கழற்றிய குழாயின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். அது தூய்மையாக இருப்பதே இயல்பு. கரி படிந்திருந்தால், புகை பின்னோக்கி வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா.

நான்காம் கேள்வி: வழி திறந்திருக்கிறதா? மின்சாரம் உண்டு, காற்று உண்டு, வால்வும் நன்று. ஆயினும் குறியீடு மீண்டும் வருகிறது என்றால், எஞ்சின் தலைப்பகுதிக்குள் செல்லும் சிறு துளைகள் கரியால் அடைபட்டிருக்கலாம். நெடுந்தொலைவு ஓடிய எஞ்சின்களில் எண்ணெய் எரிந்த கரி இத்துளைகளில் படிகிறது. எட்டு சிலிண்டர் கொண்ட ஜெர்மானிய எஞ்சின்கள் சிலவற்றில் இது நன்கறியப்பட்ட தொல்லை. புகைக்குழாயில் வெடிப்பு இருந்தாலோ, ஆக்சிஜன் சென்சாரே சோர்ந்துவிட்டாலோகூடக் கணிப்பொறி தவறாகக் குறை சொல்லலாம். மற்றவையெல்லாம் சரியென்று தெளிந்த பின்னரே அவற்றை ஐயுற வேண்டும்.

எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

இக்கேள்விகளில் மூன்றாவதை நன்கு ஆராயாமல் விடுவதே பெருந்தவறு. எப்படியென்று பார்ப்போம்.

பம்பு செத்துப்போன காரில் குற்றவாளி பெரும்பாலும் பம்பன்று, ஒருவழி வால்வே. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 கிலோகிராம் நீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனுடன் சேர்வதன் விளைவு இது. குளிர்ந்த காலையில் சைலன்சர் வாயில் நீர் சொட்டுவது இதனால்தான். வால்வின் இருக்கையில் கரி படிந்து அது இறுக மூடாமற்போனால், நீராவி நிறைந்த புகை குழாய் வழியே பம்பு வரை வந்துவிடும். குளிர்ந்த பம்புக்குள் அந்த ஆவி நீராகிறது. புகையில் உள்ள அமிலத்தன்மையும் சேர, பேரிங் துருப்பிடிக்கிறது. குளிர்நாடுகளில் அந்நீர் இரவில் உறைந்து பனிக்கட்டியாகிச் சுழலியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மறுநாள் காலையில் மின்சாரம் வருகிறது. பம்பு சுழல மறுக்கிறது. சுழலாத மோட்டார் பன்மடங்கு மின்சாரம் இழுக்கிறது. ஃபியூஸ் எரிகிறது.

இப்போது ஃபியூசை மட்டும் மாற்றினால் அது மறுநாளே எரியும். பம்பை மட்டும் மாற்றினால் புதுப்பம்பு சில மாதங்களில் பழைய பம்பின் வழியே போகும். வால்வையும் மாற்றியவருக்கே பணமும் நேரமும் மிஞ்சும். பழைய பம்பைக் கழற்றியதும் தலைகீழாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நீர் சொட்டினாலோ, துருத்தூள் உதிர்ந்தாலோ, வால்வை ஐயத்துக்கிடமின்றி மாற்றிவிட வேண்டும்.

ரிலேயும் ஒரு மறைமுகக் குற்றவாளி. அதன் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் பம்பு நிற்காமல் ஓடும். ஒரு நிமிட வேலைக்கென்று செய்யப்பட்ட மோட்டார் நாள் முழுவதும் ஓடினால் எரிந்துபோகாமல் என்ன செய்யும்? எஞ்சினை நிறுத்திய பின்னும் பம்பு இரைந்துகொண்டிருந்தால் ரிலேயை உடனே கழற்ற வேண்டும்.

செப்பனிடும் முறை

குறை எதுவென்று தெளிந்த பின் செப்பனிடுவது அரிதன்று. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். காரின் அடியில் புகுவதானால் ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும்.

வால்வின் போல்ட்டுகள் புகையின் வெப்பத்தில் இறுகியிருக்கும். துருநீக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு வைத்தால் போல்ட் உடையாமல் வரும். புது வால்வுக்குப் புது காஸ்கெட்டே போட வேண்டும். பழைய பரப்பில் ஒட்டியுள்ள கரியைச் சுரண்டும்போது அத்தூள் துளைக்குள் விழாமல் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். குழாயின் தாழ்ந்த பகுதிகளில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். கரி படிந்த குழாயைக் கழுவி உலர்த்தியோ, புதிதாகவோ பொருத்த வேண்டும். நீர் புகுந்து பம்பு போயிருந்தால் பம்பு, வால்வு இரண்டையும், ரிலேயின் முனைகள் தீய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுவது அறிவுடைமை. ஃபியூஸ் எரிகிறதே என்று அதற்குப் பதிலாக அதிக ஆம்பியர் ஃபியூஸ் போடுவது தீவிபத்துக்கு வழிகோலும்.

அடைபட்ட துளைகளைத் தூய்மை செய்வதே கடினமான வேலை. கரியைக் கரைக்கும் நீர்மத்தை ஊற்றி ஊறவிட்டு, வளையக்கூடிய எஃகுக் கம்பியால் மெல்லத் துழாவி எடுக்க வேண்டும். கரித்துண்டுகள் வினையூக்கிக் கலத்துக்குள் போய் அடைக்காதபடி காக்க வேண்டும். ஆகவே இதனைத் தேர்ந்த கைகளிடம் விடுவதே நலம்.

எல்லாம் முடிந்தபின் குறியீட்டை அழித்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. விளக்கு அணைந்தது நாம் அணைத்ததால்தான். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை முடுக்கிப் பம்பின் ஓசையைக் கேட்க வேண்டும். ஸ்கேனர் வழியே பம்பை இயக்கிச் சென்சாரின் வோல்ட் இறங்குகிறதா என்று காண வேண்டும். கணிப்பொறி தன் சோதனையை மீண்டும் நடத்தி நிறைவடைந்த பின்னரே குறை நீங்கியது என்று சொல்ல உரிமை உண்டு.

நம் சாலைகளில்

இதே தத்துவம் நம் நாட்டில் கார்களைவிட மோட்டார் சைக்கிள்களில் பரவலாகப் பயன்படுகிறது. நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பம்பே இல்லாமல் இவ்வேலை நடக்கிறது. புகை ஒரே சீராக வெளிவருவதில்லை. துடித்துத் துடித்து வருகிறது. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் ஒரு கணம் குழாயில் அழுத்தம் குறைகிறது. அக்கணத்தில் மெல்லிய எஃகுத் தகடாலான நாக்கு வால்வு ஒன்று திறந்து, காற்று வடிகட்டியிலிருந்து தூய காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த துடிப்பில் தானே மூடிக்கொள்கிறது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டா. எஞ்சின் மெதுவாக ஓடும்போது வடிகட்டிப் பக்கத்தில் சிறு குழாயைக் கழற்றி, அதன் வாயருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடிக்க வேண்டும். காகிதம் உள்நோக்கி இழுக்கப்பட்டால் நன்று. சூடான புகை வெளியே வந்தால் நாக்கு வால்வில் கரி படிந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் சைலன்சரில் படபடவென்று வெடித்தால், அந்நேரத்தில் காற்றை நிறுத்த வேண்டிய வால்வு தன் பணியைச் செய்யவில்லையோ என்று பார்க்கலாம். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்துள்ள நிலையில் இச்சிறு உறுப்பின் மதிப்பு இன்னும் உயர்ந்துள்ளது.

அடைத்துவிட்டால் என்ன?

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. மற்றெந்தப் பழுதும் ஓட்டுநரை வருத்தும். பிரேக் போனால் அச்சம். பேட்டரி போனால் வண்டி நகராது. துணைக்காற்று அமைப்பு கெட்டால் ஓட்டுநருக்கு எத்துன்பமும் இல்லை. இழுவை குறையாது, மைலேஜ் குறைவதாகத் தெரியாது. எரிவது ஒரு மஞ்சள் விளக்கு மட்டுமே. எனவே, பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் துளையைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள் என்று சொல்பவர் எந்நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின்படி இது குற்றமாகும். கலிபோர்னியாவில் விளக்கு எரியும் கார் புகைச்சோதனையில் தேறாது. தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க இயலாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எப்போதும் எரியும் விளக்கு எதையும் அறிவிக்காத விளக்காகிவிடுகிறது. நாளை எஞ்சினில் தீப்பொறி தவறி, பெட்ரோல் எரியாமலே சென்று வினையூக்கிக் கலத்தை உருக்கத் தொடங்கினாலும், ஓட்டுநர் பழைய குறைதானே என்று இருந்துவிடுவார். சிறிய செலவுக்கு அஞ்சியவர் பெரிய செலவைத் தேடிக்கொள்கிறார்.

இதனினும் பெரியது வேறொன்று. குளிர்ந்த எஞ்சினின் முதல் ஒன்றிரண்டு நிமிடப் புகை நெடுஞ்சாலையில் வெளிவருவதில்லை. வீட்டு வாசலில், தெருவில், பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்து செல்லும் காலை வேளையில் வெளிவருகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர் அதைச் சுவாசிப்பதில்லை. பின்னால் நிற்பவர் சுவாசிக்கிறார். தனக்கு யாதொரு பயனும் தராத, பிறர்க்கு மட்டுமே பயன்படும் உறுப்பு ஒன்று ஒருவரின் காரில் இருக்கிறது. அதைச் செலவு செய்து செப்பனிடுவதா, தகடு வைத்து அடைப்பதா என்பதைத் தீர்மானிப்பது அவரே. எந்த ஸ்கேனரும் அதைச் சொல்லித் தராது.

நண்பர்களே, அறிவியல் நமக்குக் காரணத்தைக் காணும் கண்ணைத் தருகிறது. கண்ட காரணத்தை நீக்குவதும், நீக்கியது உறுதிதானா என்று மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை சோதிப்பதும் நம் கையில் இருக்கின்றன.